இரட்டைக் கட்டைவிரலுடன் பிறந்த குழந்தைக்கு அறுவை சிகிச்சை: பெற்றோர் செய்ய வேண்டியவை

இரட்டைக் கட்டைவிரலோடு குழந்தை பிறந்ததுமே, ஆறு விரல் அதிர்ஷ்டம் என்று ஒரு உறவினரும், நூலைக் கட்டினால் தானே உதிர்ந்துவிடும் என்று இன்னொருவரும் சொல்லக்கூடும். முதல் பேச்சால் தீங்கில்லை. இரண்டாவதைக் காதில் வாங்கவே வேண்டாம். கூடுதல் கட்டைவிரல் வெறும் தோல்தொங்கல் அன்று. பெரும்பாலும் அதற்குள் எலும்பும் மூட்டும் நரம்பும் உண்டு. நூலால் இறுக்கினால், எஞ்சும் அடிக்கட்டையில் நரம்பு முனை முடிச்சாகத் திரண்டு, பட்டாலே வலிக்கும்.

சிங்கப்பூரில், குழந்தை பிறந்த மருத்துவமனை சிறப்பு மருத்துவரிடம் அனுப்பாவிட்டால், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் பெறுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மானியக் கட்டணத்தில் சிகிச்சை பெற அதுவே வழக்கமான வழி. கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிறார் கைக் குறைபாடுகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது. பெற்றோரின் மெடிசேவ் மருத்துவச் சேமிப்புக் கணக்கையும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியையும் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தபின், விரல் எந்த இடத்தில் பிரிகிறது என்று கேளுங்கள். 1969-இல் வாசல் (Wassel) என்ற மருத்துவர் இரட்டைக் கட்டைவிரலுக்கு வகுத்த ஏழு வகைகளுள் நான்காவதே அதிகம் காணப்படுவது. அதில் ஒரே உள்ளங்கை எலும்பின் தலைமீது இரண்டு விரல்கள் அமர்ந்திருக்கும். கட்டைவிரல் இரட்டையாக இல்லாமல் மிகச் சிறுத்தோ இல்லாமலோ இருந்தால் கதை வேறு. இதயம், சிறுநீரகம், இரத்தம் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டியிருக்கும்.

பொதுவாக ஒரு வயதை ஒட்டி அறுவை செய்கிறார்கள். அதற்குள் கை சற்று வளர்ந்திருக்கும், மயக்கமருந்தின் அபாயமும் குறைந்திருக்கும். பொருளைக் கிள்ளி எடுக்கும் பழக்கமும் தவறாக வேரூன்றியிருக்காது.

இந்த அறுவையை 'வெட்டி எடுப்பது' என்று நினைப்பதுதான் பெற்றோர் செய்யும் பெரிய பிழை; உண்மையில் இரண்டிலிருந்து ஒன்றைக் கட்டி எழுப்புகிறார்கள். பெரும்பாலும் சிறிதாக இருக்கும் வெளிப்பக்க விரலை நீக்கி, சுட்டுவிரலை ஒட்டியதை வைத்துக்கொள்கிறார்கள். கிள்ளும்போது அழுத்தத்தைத் தாங்குகிற மூட்டு நார் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. நீக்கிய விரலில் இணைந்திருந்த நாரையும் கட்டைவிரல் மேட்டுத் தசையையும் எஞ்சிய விரலில் தைத்து, அகன்ற எலும்புத் தலையைச் செதுக்கி, எலும்பு கோணலாக இருந்தால் வெட்டி நேராக்கி, மெல்லிய கம்பியால் நிறுத்துகிறார்கள். இரண்டும் ஒரே அளவானால் நடுப்பகுதியை எடுத்துவிட்டு ஒட்டும் முறையும் உண்டு. ஆனால் நகத்தில் வரப்பு விழவும் மூட்டு விறைக்கவும் கூடும் என்பதால் பலர் தயங்குகிறார்கள்.

அறுவைக்கு முன் பால்மாவையும் திட உணவையும் ஆறு மணி நேரம், தாய்ப்பாலை நான்கு மணி நேரம் நிறுத்தச் சொல்வது வழக்கம்; உங்களுக்குத் தரப்பட்ட நேரத்தையே பின்பற்றுங்கள். மாவுக்கட்டு முழங்கைக்கு மேல்வரை நீண்டிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். குட்டையாகப் போட்டால் குழந்தை கையை உருவிக்கொள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் கட்டு ஈரமாகாமல் பார்ப்பதே பெரும்பாடு, துடைத்துக் குளிப்பாட்டுங்கள். விரல்நுனி நீலமாகவோ வெளுத்தோ போனால், துர்நாற்றம் வந்தால், காய்ச்சல் கண்டால், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கம்பியை நான்கு முதல் ஆறு வாரங்களில் எடுத்துவிடுவார்கள்.

வளரும்போது மூட்டு மறுபடி சாயலாம், சிலருக்கு இன்னோர் அறுவையும் தேவைப்படலாம். எனவே பள்ளிப் பருவத்திலும் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். போகும்போது, குழந்தை பொத்தான் போடுவதையும் பென்சில் பிடிப்பதையும் கைத்தொலைபேசியில் பதிந்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் முன்னால் செய்யச் சொன்னால் பல குழந்தைகள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும்.