பி.எஃப்., இ.எஸ்.ஐ.: சிறு நிறுவனங்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு ஆள் கணக்கிலேயே நடந்துவிடுகிறது. 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), 20 பேர் இருந்தால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்பது பனியன் யூனிட்டிலிருந்து ஹோட்டல் வரை எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். ஆனால் கான்ட்ராக்டர் அனுப்புகிற ஆட்களை விட்டுவிட்டு எண்ணுகிறார்கள். சட்டம் அவர்களையும் சேர்த்துத்தான் எண்ணும்.

அடுத்தது பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, குறைத்துக் காட்டி, மீதியை அலவன்ஸ் என்று பிரிப்பது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தருகிற அலவன்ஸும் பி.எஃப். கணக்கில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது.

எனக்குக் கோபமே வருவது, பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வதில்தான். பி.எஃப்.க்கென்று சம்பளத்தில் 12 சதவீதம் பிடித்தாகிவிட்டது. 'நூல் கடைக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் கட்டலாம்' என்று தள்ளிப்போடுகிறார்கள். அது தொழிலாளியின் பணம். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, அதற்கு மேல் அபராதம். தொழிலாளர்களும் பே-சிலிப்பை மட்டும் நம்பாமல் மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்ப்பது நல்லது.

'மெடிக்ளெய்ம் எடுத்துவிட்டேன், இ.எஸ்.ஐ. எதற்கு?' என்பவர்களும் உண்டு. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருக்கிறவரை அது விருப்பம் அல்ல, கட்டாயம். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரி பில்லோடு நின்றுவிடும். இ.எஸ்.ஐ.யோ நோயில் படுத்தவருக்கு ஆண்டில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் தரும். வேலையில் விபத்து நடந்து உயிர் போனால், 90 சதவீதச் சம்பளத்தைக் குடும்பத்துக்கு மாதாமாதம் பகிர்ந்து கொடுக்கும்.

புதிதாகச் சேர்பவரிடம் பழைய யூ.ஏ.என். (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கேட்காமல் புது எண் எடுப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் 58 வயதில் பி.எஃப். பென்ஷன் வாங்க 10 வருட சர்வீஸ் வேண்டும். நாலு எண்ணில் சிதறிக் கிடந்தால் அதைச் சேர்த்துக் காட்டவே அலைய வேண்டியிருக்கும்.

நாமினி விஷயம் இதைவிட முக்கியம். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால், இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை குடும்பத்துக்குக் கிடைக்கும். இதற்குத் தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை. பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே சேர்ந்த வாரமே ஆன்லைனில் நாமினேஷன் போட வையுங்கள். கல்யாணம் ஆனதும் மறுபடி புதிதாகப் போட வேண்டும். பழையதை நம்பிவிடக் கூடாது.