4 அடி மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்ட்: டர்பன் வீட்டில் நீங்களே செய்யும் முறை

1200 மி.மீ. நீளம், 500 அகலம், 600 உயரம். டர்பனில் ஒரு முன்னறைக்குப் பெரிய தொட்டி என்றால் இந்த அளவு சரியாக இருக்கும். கடையில் விற்கும் சிப்போர்டு அலமாரியில் இதை ஏற்ற வேண்டாம். சிப்போர்டின் விளிம்பில் தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். பைன் சட்டமும் பிளைவுடும் வாங்கினால், மரவேலை அறியாதவரும், காயவிடும் நாட்கள் நீங்கலாக, இரண்டு வார இறுதிகளில் ஒரு நல்ல ஸ்டாண்டை முடித்துவிடலாம்.

முதலில் எடை

12 மி.மீ. கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ. இந்தத் தொட்டிக்கு ஏறக்குறைய 2.64 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும், அது 79 கிலோ. விளிம்புக்குக் கீழே 50 மி.மீ. விட்டு நிரப்பினால் தண்ணீர் சுமார் 285 கிலோ. 50 மி.மீ. ஆழத்துக்குச் சரளை 42 கிலோ. கல், மரக்கட்டை, விளக்கு எல்லாம் சேர்த்து 450 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டையும் கூட்டினால் தரையில் இறங்குவது 500 கிலோ.

அந்த 500 கிலோ நிற்கும் இடம் 0.6 சதுர மீட்டர்தான். தென்னாப்பிரிக்கக் கட்டட விதியில் வீட்டு மாடித் தளத்துக்குக் கணக்கிடும் சுமை சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவில் இருக்கிறது. மண்மேல் போட்ட கான்கிரீட் தளம் என்றால் கவலையில்லை. மாடியிலோ பழைய வீட்டின் பலகைத் தரையிலோ வைப்பதாக இருந்தால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். பலகைத் தரையில் அவர் சம்மதித்தாலும் தொட்டி சுவரை ஒட்டி, அடியில் ஓடும் உத்தரங்களுக்குக் குறுக்காக நிற்கட்டும். அப்போதுதான் சுமை பல உத்தரங்களுக்குப் பிரியும்.

டைல்ஸ் தரையானால், வைக்கப்போகும் இடத்தில் ஒவ்வொரு டைலையும் விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வரும் டைலின் அடியில் சிமெண்ட் பிடிக்கவில்லை, எடை ஏறியதும் அது உடையும்.

எடை மரத்தின் வழியே இறங்க வேண்டும்

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மேல் சட்டத்தைக் காலின் பக்கவாட்டில் வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் 450 கிலோவும் சில ஸ்க்ரூக்களின் கழுத்தில் தொங்கும். முதல் மாதம் ஒன்றும் தெரியாது. மரம் காயக் காய ஓட்டை தளரும், ஒரு மூலை 2 மி.மீ. இறங்கும், தொட்டியின் அடிக்கண்ணாடி முறுகும்.

சரியான முறையில் மேல் சட்டம் காலின் தலைமேல் உட்காரும், கால் கீழ்ச் சட்டத்தின் மேல் நிற்கும், கீழ்ச் சட்டம் தரையில் படியும். ஸ்க்ரூவை எல்லாம் கழற்றினாலும் எடை இறங்கும் வழி மாறாது. 450 கிலோவை ஆறு கால்களுக்குப் பிரித்தால் காலுக்கு 75 கிலோ. 38×114 மி.மீ. சட்டத்தின் வெட்டுமுகத்தில் அது சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகூட இல்லை. நெடுக்கிழையில் பைன் மரம் இதைப்போலப் பல மடங்கு தாங்கும். ஸ்டாண்ட் விழுவது மரம் நசுங்கியதால் அல்ல. பக்கவாட்டில் சாய்ந்ததாலும் இணைப்பு விட்டுப்போனதாலும்தான்.

வாங்க வேண்டியவை

38×114 பைன், எஸ்5 (கட்டுமான மரத்தின் வலுத்தரம்) முத்திரை உள்ளது: 3.6 மீட்டர் நீளத்தில் 3, 1.8 மீட்டரில் 1.
38×76 பைன்: 3 மீட்டர் நீளத்தில் 2.
18 மி.மீ. பிளைவுட்: 1224×512 துண்டு 1.
12 மி.மீ. பிளைவுட்: 1200×730 துண்டு 1, 512×730 துண்டு 2. மூன்றும் 2440×1220 தாள் ஒன்றிலேயே அடங்கும்.
ஸ்க்ரூ: 5×100 அளவில் 24, 5×60 அளவில் 50, 4×40 அளவில் 70.
ஈரம் தாங்கும் டி3 வகை மரப்பசை, பாலியூரித்தேன் வார்னிஷ், 10 மி.மீ. பாலிஸ்டைரின் தாள், செங்கல் சுவருக்கு அடியில் போடும் கருப்பு டிபிசி பிளாஸ்டிக் கொஞ்சம்.

பிளைவுடைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அங்குள்ள பெரிய ரம்பம் தரும் நேர்க்கோடு கை ரம்பத்தில் வராது. ஜிப்சம் பலகைக்கு அடிக்கும் கருப்பு ஸ்க்ரூ மலிவு என்று அதை எடுக்காதீர்கள், வளையாமல் பட்டென்று முறியும். துத்தநாகத்தில் முக்கியெடுத்தது அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வேண்டும்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் பக்கத்து மரக்கடைகளில் பச்சை சாயலோடு இருக்கும் சட்டம் சிசிஏ மருந்து ஏற்றியது. கரையானுக்கும் பூஞ்சைக்கும் அது நல்ல காவல். ஆனால் அதில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. அறுக்கும்போது முகமூடி போடுங்கள், கை கழுவிய பிறகே சாப்பிடுங்கள். மிச்சத் துண்டுகளை இறைச்சி சுடும் பிராய் அடுப்பில் போடவே கூடாது; அந்தப் புகையும் சாம்பலும் நஞ்சு. செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும், ஆகவே இந்த மரம் தொட்டித் தண்ணீரைத் தொடவும் கூடாது. மருந்தேற்றிய சட்டம் கடையிலேயே ஈரமாக இருப்பதுண்டு. இடையில் குச்சி வைத்து அடுக்கி, நிழலில் இரண்டு வாரம் காயவிடுங்கள். ஈர மரத்தில் பசையும் பிடிக்காது, வார்னிஷும் பிடிக்காது.

தேர்ந்தெடுக்கும்போது சட்டத்தின் ஒரு முனையைக் கண்ணருகே வைத்து மறுமுனை வரை பாருங்கள். முறுக்கு இருந்தால் வைத்துவிடுங்கள். விளிம்பில் பெரிய கணு உள்ளதும் வேண்டாம். ஆக நேரான இரண்டு மேல் நெடுஞ்சட்டத்துக்கு.

அறுப்பு

38×114 என்று எழுதியிருந்தாலும் கைக்கு வருவது 2, 3 மி.மீ. குறைவாக இருக்கலாம். அதனால் முதலில் அளந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்:

நெடுஞ்சட்டம்: 1200, நான்கு.
குறுக்குச் சட்டம்: 500இலிருந்து இரண்டு தடிமனைக் கழியுங்கள். 38 என்றால் 424, ஆறு.
கால்: 732இலிருந்து இரண்டு அகலத்தைக் கழியுங்கள். 114 என்றால் 504, ஆறு.
இணைப்புச் சட்டம், 38×76இல்: 730, ஆறு.
முட்டுக்கால், 38×76இல்: காலின் அதே நீளம், இரண்டு.

கால்களை ஒவ்வொன்றாக அளந்து அறுக்காதீர்கள். ரம்ப மேசையில் ஒரு கட்டையைத் தடுப்பாகப் பிடித்து, ஆறு காலையும் இரண்டு முட்டுக்காலையும் அதே நிலையில் அறுங்கள். ஒரு கால் 1 மி.மீ. குட்டையானால் அது சும்மா நிற்கும், பக்கத்துக் கால்கள் அதன் பங்கையும் சுமக்கும். முடிந்ததும் எட்டையும் தரையில் சேர்த்து நிறுத்தி மேலே விரலால் தடவுங்கள். படி தட்டினால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

சட்டகங்கள் இரண்டு

இரண்டு நெடுஞ்சட்டங்களை விளிம்பில் நிறுத்தி, இடையில் மூன்று குறுக்குச் சட்டங்களை வையுங்கள்: முனைக்கு ஒன்று, நடுவில் ஒன்று. நெடுஞ்சட்டத்தில் 5 மி.மீ. துளையும், குறுக்குச் சட்டத்தின் முனையில் 3 மி.மீ. துளையும் போட்ட பிறகே 100 மி.மீ. ஸ்க்ரூவை ஏற்றுங்கள், இணைப்புக்கு இரண்டு. துளையில்லாமல் ஏற்றினால் முனை பிளக்கும். பசை எல்லா இணைப்புக்கும் உண்டு.

பசை காய்வதற்குள் மூலைவிட்டத்தை அளந்துவிடுங்கள். 1200க்கு 500 என்ற அளவில் ஒரு வசதி இருக்கிறது: மூலைவிட்டம் துல்லியமாக 1300 மி.மீ. வரும். இரண்டு பக்கமும் 1300 என்றால் மூலைகள் நேர்கோணம். ஒன்று நீண்டால் அந்த மூலையை மெல்லத் தட்டி உள்ளே தள்ளுங்கள்.

மேல் சட்டகத்தில் நடுக் குறுக்குச் சட்டத்தை மட்டும் மேல் விளிம்பிலிருந்து 1 மி.மீ. தாழ்த்திப் பொருத்துங்கள். நெடுஞ்சட்டங்கள் உள்ளே சாயாமல் பிடிப்பதுதான் அதன் வேலை. தாழ இருந்தால் தொட்டியின் எடை அதன்மேல் ஏறாது, அதன் ஸ்க்ரூவுக்கும் சுமை போகாது.

கால் நிறுத்துவது

கீழ்ச் சட்டகத்தைத் தரையில் வைத்து, நான்கு மூலையிலும் காலை நெடுஞ்சட்டத்தின் விளிம்பின் மேலேயே நிறுத்துங்கள். காலின் தடிமனும் சட்டத்தின் தடிமனும் ஒன்றோடொன்று பொருந்தும். இப்போது உட்பக்கமாகப் பாருங்கள்: குறுக்குச் சட்டத்தின் 38ஐயும் இணைப்புச் சட்டத்தின் 76ஐயும் கூட்டினால் 114, காலின் அகலம் அதுதான். இணைப்புச் சட்டத்தைக் குறுக்குச் சட்டத்தோடு ஒட்டி நிறுத்தினால் காலின் பின்னே சரியாக அடங்கும். நடுக் கால்களுக்கும் இதே முறை. காலின் ஒரு விளிம்பு குறுக்குச் சட்டத்தின் வெளிமுகத்தோடு சேரட்டும்.

இணைப்புச் சட்டத்தின் வழியே 60 மி.மீ. ஸ்க்ரூ: கீழ்ச் சட்டத்துக்கு 2, காலுக்கு 3. பிறகு மேல் சட்டகத்தைத் தூக்கிக் கால்களின் தலையில் உட்காரவைத்து மீதி 2ஐ ஏற்றுங்கள். மேல் சட்டகம் எல்லாக் கால்களிலும் இடைவெளியின்றி உட்கார்ந்ததா என்று முதலில் பாருங்கள். ஒரு தாள் நுழையும் இடம் இருந்தால் நிறுத்திச் சரிசெய்யுங்கள், ஸ்க்ரூவை இறுக்கி இழுத்து மூடாதீர்கள். இணைப்புச் சட்டம் 732 ஆகாமல் 730 ஆக இருப்பதற்குக் காரணம், அதன் தலை மேல்பலகையை முட்டித் தூக்கக் கூடாது என்பதே.

கடைசியாக முட்டுக்கால்: இரு முனைகளிலும் குறுக்குச் சட்டத்தின் நடுவே, கீழ்க் குறுக்குச் சட்டத்திலிருந்து மேல் குறுக்குச் சட்டம் வரை. இதை விட்டுவிட்டால் தொட்டியின் பக்கக் கண்ணாடிகளுக்குக் கீழே உள்ள எடையில் ஒரு பங்கு ஸ்க்ரூவுக்குப் போய்விடும்.

பெரிய வடிகட்டித் தொட்டி உள்ளே நுழைய முன்பக்க நடுக் கால் தடையாக இருக்கிறதா? அதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பின்பக்கம் அசையாமல் முன்பக்கம் மட்டும் தொய்ந்தால் கண்ணாடி முறுகும். இரண்டு நடுக் கால்களையும் சேர்த்து நீக்கி, மேல் நெடுஞ்சட்டங்கள் இரண்டையும் 38×152 ஆக்கி, உயரக் கணக்கைத் திருத்துங்கள். வடிகட்டித் தொட்டியின் கொள்ளளவிலும் கவனம் வேண்டும்: மின்வெட்டில் பம்ப் நின்றால் குழாயில் உள்ள தண்ணீரும் மேல் தொட்டியில் வழிந்தோடும் மட்டத்துக்கு மேலுள்ள தண்ணீரும் கீழே இறங்கும். அதற்கு இடம் விடாவிட்டால் ஸ்டாண்டின் அடிப்பாகம் நனையும்.

பிளைவுட்

முதுகில் 1200×730, பக்கங்களில் 512×730. பசை தடவி, 150 மி.மீ. இடைவெளியில் 40 மி.மீ. ஸ்க்ரூ. இந்த மூன்று தகடும் அழகுக்காக அல்ல. இவை இல்லாத ஸ்டாண்டின் மூலையைப் பிடித்துத் தள்ளினால் ஆடும். ஒட்டிய பின் தள்ளிப் பாருங்கள், அசையாது. முதுகின் மேல் மூலையில் 60 மி.மீ. ஓட்டை இரண்டு போடுங்கள், குழாயும் வயரும் போக ஒன்று, காற்றுக்கு ஒன்று. கதவு உங்கள் விருப்பம், அது எடை தாங்குவதில்லை.

18 மி.மீ. மேல்பலகையைப் போடுமுன் சட்டகத்தின் மேல் நேரான அலுமினியக் கோலை நெடுக்கும் மூலைக்கு மூலையும் வைத்துப் பாருங்கள். மேடு தெரிந்தால் இழைப்புளியால் சீவுங்கள். மேல்பலகைக்கும் தொட்டிக்கும் நடுவே விரிக்கும் பாலிஸ்டைரின் தாள் ஒரு மணல் துகளை விழுங்கும், வளைந்த சட்டத்தைத் திருத்தாது. அடியில் பிளாஸ்டிக் விளிம்புச் சட்டம் உள்ள தொட்டிக்கு அந்தத் தாளே வேண்டாம், விளிம்பு நேராகப் பலகையில் அமரட்டும்.

வார்னிஷ் மூன்று பூச்சு, உட்புறமும் சேர்த்து. சட்டத்தின் அறுத்த முனைகள்தான் தண்ணீரை உறிஞ்சும், அங்கே இன்னொரு பூச்சு கொடுங்கள். பிறகு ஒரு வாரம் காற்றாட விடுங்கள். முழுதும் காயாத வார்னிஷின் ஆவி மூடிய அறையில் மீனுக்கு ஆகாது.

நிறுத்துவதும் நிரப்புவதும்

ஸ்டாண்டின் அடியில் டிபிசி பிளாஸ்டிக்கை விரித்தால் தரையில் சிந்தும் தண்ணீர் மரத்தில் ஏறாது. ரசமட்டத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த இடத்தில் கால் நேராக இறங்கும் புள்ளிக்குக் கீழே பிளாஸ்டிக் ஆப்பு வையுங்கள். ஆப்பு எப்போதும் ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில்தான். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் வைத்த ஆப்பு கண்ணாடியை ஒரு புள்ளியில் குத்தும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஸ்டாண்டின் முதுகை எல் வடிவத் தகடு இரண்டால் சுவரோடு பிடித்துவிடுங்கள்.

பிளக் போர்டை ஸ்டாண்டின் உட்பக்கவாட்டில் உயரத்தில் மாட்டுங்கள், தரையில் போட வேண்டாம். ஒவ்வொரு வயரும் பிளக்குக்குக் கீழே ஒரு முறை தொங்கி மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும். மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

முதலில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பி, ஓர் இரவு விட்டு, தண்ணீர் மட்டம் கண்ணாடி விளிம்பிலிருந்து நான்கு மூலையிலும் எவ்வளவு என்று அளந்து எழுதுங்கள். அடுத்த பங்குக்குப் பிறகும் அப்படியே. மூலைக்கு மூலை வித்தியாசம் 2 மி.மீ.க்கு மேல் போனால் தண்ணீரை இறக்கிவிட்டு ஆப்பைத் திருத்துங்கள். நிறைந்த தொட்டியை நெம்புகோலால் தூக்க முயலாதீர்கள். முழுதும் நிரம்பிய பின் ஒரு வாரம் கழித்து மீண்டும் அளவெடுங்கள். எண்கள் மாறாமல் இருந்தால் மீன் வாங்கக் கிளம்பலாம்.