புதுப்பிக்கும் முன் ஓட்டுநர் பதிவேட்டைச் சரிபாருங்கள்

வாகனக் காப்பீட்டைப் புதுப்பிப்பதற்குச் சில வாரங்கள் முன்பே, உரிமம் வழங்கும் அலுவலகத்திடமிருந்து உங்கள் ஓட்டுநர் பதிவேட்டின் நகலைப் பெற்று, அதிலுள்ள ஒவ்வொரு விதிமீறலின் தேதியையும், அது உங்களுடையதுதானா என்பதையும் பாருங்கள். பதிவேட்டைக் கொண்டு பிரீமியத்தைக் கணக்கிடும் நிறுவனங்கள் பெரும்பாலும் கடைசி 3 முதல் 5 ஆண்டுகளையே கருதுகின்றன. ஆனால் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் எல்லா நிறுவனங்களும் அதைப் புதிதாக வரவழைப்பதில்லை என்பதால், காலம் கடந்துவிட்ட ஓர் அதிவேகக் குற்றத்துக்காக நீங்கள் இன்னும் கூடுதல் தொகை செலுத்திக்கொண்டிருக்கலாம். குற்றத்தின் தேதியைக் குறிப்பிட்டு, பிரீமியத்தை மறுபடியும் கணக்கிடும்படி எழுத்து மூலமாகவே கேளுங்கள். பெயர் ஒற்றுமையால் வேறொருவரின் குற்றம் உங்கள் கணக்கில் ஏறியிருந்தால், முதலில் உரிம அலுவலகத்தில் திருத்தம் பெற வேண்டும். மூலப் பதிவைக் காப்பீட்டு நிறுவனத்தால் மாற்ற இயலாது.

மது அருந்தி ஓட்டியது போன்ற கடுங்குற்றங்கள் நெடுங்காலம் கணக்கில் நிற்பதால், அவற்றுக்கு இந்த வழி உதவாது. உரிமம் முடக்கப்பட்டதாலோ, தவணை கட்டத் தவறியதாலோ, விண்ணப்பத்தில் விபத்தை மறைத்ததாலோ பாலிசி ரத்தாகியிருந்தாலும் பயனில்லை. ஓட்டுநரைப் பாராமல் வாகனத்தையும் இழப்பீட்டுக் கோரிக்கைகளையும் மட்டும் வைத்துக் கட்டணம் விதிக்கும் இடங்களுக்கும் இது பொருந்தாது.