பலகைச் சுவரில் செம்புக் குழாயைப் பற்றவைக்கும் முன்

ஊரில் நாம் பழகியது செங்கல் சுவர். குழாயில் தீ காட்டினால் பூச்சு கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்ட வீடுகளில் அப்படியில்லை. இடுப்பளவுக்குக் கல், அதற்கு மேல் முழுக்கப் பலகை என்று கட்டிய வீடுகள் நிறைய. பல வருட வெயிலில் காய்ந்த அந்தப் பலகையை ஒட்டியே குழாயும் ஓடும். ஹீட்டருக்குப் போகும் செம்புக் குழாய் கசிகிறதென்று கேஸ் டார்ச்சைக் கையில் எடுக்கும் முன், வீட்டுக்காரரிடமோ தோட்ட ஆபீசிலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீங்களே செய்யலாம் என்றால் மேலே படியுங்கள்.

இணைப்பில் உருக்கிப் பற்றவைக்கும் உலோகக் கம்பிதான் சால்டர். ஈயம் கலக்காத சால்டர் உருக ஏறக்குறைய 220 முதல் 230 டிகிரி சூடு வேண்டும். (குடிக்கிற தண்ணீர் வரும் குழாய்க்கு ஈயம் கலந்ததை வாங்கவே வாங்காதீர்கள்.) மரம் 250, 300 டிகிரி வாக்கில் பற்றிக்கொள்ளும். டார்ச் தீயோ ஆயிரம் டிகிரியைத் தாண்டியது. தீ பலகையில் படாவிட்டாலும் செம்பு சூட்டைக் கடத்திக்கொண்டுபோய்ச் சுவரில் நுழையும் ஓட்டையில் சேர்த்துவிடும்.

ஆகவே முடிந்தவரை சுவரில் வைத்துப் பற்றவைக்காதீர்கள். அளந்து, வெட்டி, முழங்கை இணைப்புகளை வெளியே சிமெண்ட் தரையில் பற்றவைத்து, ஆறிய பிறகு கொண்டுவந்து பொருத்துங்கள். சுவரோரம் மிஞ்சுகிற ஒன்றிரண்டு இணைப்புக்கு ஸ்பேனரால் முடுக்கும் கம்ப்ரெஷன் ஃபிட்டிங் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும். தீயே வேண்டாம். கொஞ்சம் கூடுதல் காசுதான், பலகை வீட்டில் அதைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வேறு வழியே இல்லை, அங்கேதான் தீ காட்ட வேண்டும் என்றால், குழாய்க்கும் பலகைக்கும் நடுவில் தீ தாங்கும் ஃபைபர் துணியைச் செருகுங்கள். நம் ஆட்கள் பலர் வெறும் தகரத் துண்டை வைப்பார்கள். தகரம் தீயை மறைக்கும், சூட்டை மறைக்காது. பலகையோடு ஒட்டி இருந்தால் பின்னால் மரம் கருகிக்கொண்டே இருக்கும். வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பழைய கூரைத் தகட்டை உடைத்து வைக்கும் யோசனையும் வேண்டாம். அது ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், அதன் தூசு நுரையீரலைக் கெடுக்கும். பற்றவைக்கும் இடத்துக்கும் சுவர் ஓட்டைக்கும் இடையில் குழாயைச் சுற்றி நன்றாக நனைத்த பருத்தித் துணியைக் கட்டுங்கள். பக்கத்தில் பிவிசி குழாய் இருந்தால் அதற்கும் ஈரத்துணி. 80 டிகிரியிலேயே அது இளகிவிடும்.

குழாயில் மிச்சத் தண்ணீர் இருந்தால் இணைப்பு சூடேறவே ஏறாது. நாம் தீயைக் காட்டிக்கொண்டே இருப்போம், அதற்குள் பலகை வெந்துவிடும். தண்ணீரை முழுக்க வடித்து, நீராவி வெளியேறக் குழாய் வாயைத் திறந்து வையுங்கள். ஆனால் மெயின் வால்வை மூடும் முன்பே இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துவிடுங்கள். மூடிய பிறகு தீப்பிடித்தால் எந்தக் குழாயில் பிடிப்பீர்கள்?

வேலை முடிந்ததும் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பலகை இடுக்கில் விழுந்த பொறி தீ எழும்பாமல் கனன்று, ரொம்ப நேரம் கழித்துப் பிடிக்கும். ஒரு மணி நேரமாவது வீட்டிலேயே இருந்து, சுவரின் மறுபக்கத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். கருகல் வாடை வந்தால் அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றுங்கள். தீ பிடித்துக்கொண்டால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு 999-ஐக் கூப்பிடுங்கள், பொம்பா (தீயணைப்புப் படை) வருவார்கள். மலாய் சரியாக வராவிட்டாலும் ‘ரூமா தெர்பாக்கார்’ (வீடு எரிகிறது) என்று சொல்லி, தோட்டத்தின் பெயரையும் பக்கத்தில் இருக்கும் கோயிலையோ பள்ளியையோ சொல்லுங்கள்.