விலாசம் நீளம், அட்டை சின்னது: போல்டு கண்டென்ஸ்டு செரிஃபைப் பயன்படுத்துவது எப்படி

நம்ம காரைக்குடிப் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், 'ராம.சித.பழ.மெ.' என்று விலாசம் (முகவரி இல்லை, முன்னோர் பெயர்களின் இனிஷியல் வரிசை) முடிந்த பிறகுதான் பெயரே ஆரம்பிக்கும். அதையும் ஒரே வரியில், தடித்த எழுத்தில் போட வேண்டும். வரி உடைந்தால் ஐயாவுக்கு முகம் சுருங்கிவிடும். இதற்குத் தோதானது போல்டு கண்டென்ஸ்டு செரிஃப், அதாவது தடிமனான, ஒடுங்கிய, உயரமாகத் தெரிகிற எழுத்து. ஆங்கிலத்தில் கோட்டின் நுனியில் இருக்கும் சின்னக் காலுக்குத்தான் செரிஃப் என்று பெயர். தமிழில் கோடு தடித்தும் மெலிந்தும் ஓடுவதை வைத்துத்தான் செரிஃபை அடையாளம் காண முடியும். செய்தித்தாள்காரர்களுக்கும் இதே பாடுதான், குறுகின பத்தியில் பெரிய தலைப்பு. நியூயார்க் டைம்ஸ் 2003 முதல் தலைப்புகளுக்குப் பயன்படுத்தும் செல்டன்ஹாம் குடும்பத்திலும் ஒடுங்கிய போல்டு உண்டு.

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு அறுபதாங் கல்யாணப் பத்திரிகைக்கு, டிடிபி (கணினியில் பக்க வடிவமைப்பு) செய்தவர் சாதாரண ஃபாண்டையே பக்கவாட்டில் 70 சதவீதத்துக்கு அமுக்கிக் கொடுத்துவிட்டார். செங்குத்துக் கோடெல்லாம் இளைத்துப்போய், படுக்கைக் கோடு மட்டும் பழைய தடிமனிலேயே நின்றது, பார்க்கவே சகிக்கவில்லை. ஒடுக்கமாகவே வரைந்த ஃபாண்டில் கோட்டின் கனம் பெரிதும் குறையாது, உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் குறையும்.

அப்படித் தமிழில் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ் இலவசமாகவே கிடைக்கிறது. தடிமன் 100 முதல் 900 வரை, அகலம் 62.5 முதல் 100 (சாதாரண அகலம்) வரை. நான் தடிமன் 700 (போல்டு), அகலம் 75 வைப்பேன், அதற்குக் கீழே போகமாட்டேன். போனால் 'ண' சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி 'ன' மாதிரி ஆகிவிடும். வெள்ளைப் பணியாரம் லேபிளில் 'பனியாரம்' என்று தெரிந்தால் ஐஸ் போட்டு விற்கிறார்களோ என்று நினைப்பார்கள்! புள்ளியும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

வரி இடைவெளியில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே கொக்கி, கீழே 'ழு', 'மூ' வால் என்று இரண்டு பக்கமும் நீளும், அதனால் 36 பாயின்ட் எழுத்துக்கு 48 கொடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளுக்கு இடையே மட்டும் கொஞ்சம் இடம் விடலாம். தமிழுக்கு அதையே செய்தால் சில மென்பொருளில் 'கொ'வின் கொம்பும் காலும் தனித்தனியே நடக்க ஆரம்பிக்கும்.

பெயர், தலைப்பு, கடை போர்டு, பாட்டில் லேபிள், இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரம், மண்டப முகவரிக்கெல்லாம் சாதாரண அகல எழுத்துதான். மெரூன் அட்டையில் தங்க ஃபாயில் என்றால் மெல்லிய கோடு அறுந்துபோகும், சைஸைக் கூட்டுங்கள். எதையும் திரையில் பார்த்து முடிவு செய்யாமல், நிஜ அளவில் ஒரு பிரிண்ட் எடுத்துக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். போர்டு என்றால் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்று பாருங்கள்.

அப்புறம், பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் எழுத்தை கர்வ்ஸாக (ஃபாண்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்ற வேண்டும், இல்லையென்றால் அங்கே வேறு ஃபாண்டில் திறக்கும். மாற்றிய பிறகு ஒரு இனிஷியலைத் திருத்தக்கூட மறுபடி அடிக்க வேண்டும், அதனால் அதற்கு முன்பே ஆச்சியிடம் விலாசத்தை ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.