டிராஃப்டில் உங்கள் அணி யாரை எடுக்கும்? கணிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். டிராஃப்ட் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் கடைசியில் நடக்கிறது. 32 அணிகள், 7 சுற்றுகள். கல்லூரி அணிகளில் ஆடிய இளைஞர்களில் ஏறத்தாழ 260 பேர் தேர்வாகிறார்கள். போன சீசனில் மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டத்தை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி வாய்ப்பு. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வேறுபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இங்கே கையில் பணம் இருக்கிறது என்பதற்காக யாரையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தன் முறை வரும்போது மிச்சம் இருப்பவர்களில் ஒருவரைத்தான் எடுக்க முடியும். முன்னால் போக வேண்டுமானால் இன்னோர் அணியிடம் பேரம் பேசி, தன் மற்றத் தேர்வுகள் சிலவற்றைக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்ள வேண்டும்.

எந்த அணி யாரை எடுக்கும் என்று கணிப்பதை 'மாக் டிராஃப்ட்' என்கிறார்கள். ஜனவரியிலேயே நூற்றுக்கணக்கில் வந்துவிடும். நிறையப் பேர் உழைத்துத்தான் எழுதுகிறார்கள், ஆனாலும் பெரும்பாலானவை ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ரசிகர் போன சீசனை நினைத்துக்கொண்டு எழுதுகிறார். அணியின் பொது மேலாளரோ இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து யார் யார் அணியில் இருப்பார்கள், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்று பார்த்துத் தேர்வு செய்கிறார்.

போன சீசனின் ஓட்டையை ஏப்ரலில் அடைப்பார்கள் என்று நம்புவது

இதற்கு 2020ஆம் ஆண்டு கிரீன் பே பேக்கர்ஸைவிடத் தெளிவான பாடம் கிடையாது. 2019 சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. சூப்பர் பவுலுக்கு ஓர் ஆட்டம் இருக்கும்போது சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 37-20 என்று தோற்றார்கள். பந்தை எறிய ஆரன் ராட்ஜர்ஸ் இருந்தார். அதைப் பிடிக்க டாவான்டே ஆடம்ஸைத் தவிர நம்பகமான ஆள் இல்லை. அந்த ஆண்டு டிராஃப்டிலோ எறிந்த பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவர்கள் குவிந்திருந்தார்கள். முதல் இரண்டு சுற்றுகளில் மட்டும் 13 பேர் போனார்கள். ஆகவே பேக்கர்ஸ் ரிசீவரைத்தான் எடுக்கும் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதினார்கள்.

நடந்தது வேறு. பேக்கர்ஸ் நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து 30ஆம் இடத்திலிருந்து 26ஆம் இடத்துக்கு ஏறி, ஜோர்டன் லவ் என்ற குவாட்டர்பேக்கை, அதாவது ராட்ஜர்ஸைப் போலவே பந்தை எறிபவரை, எடுத்தது. இரண்டாம் சுற்றில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரன்னிங் பேக், மூன்றாம் சுற்றில் எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட். ஏழு சுற்றும் முடிந்தபோது ஒரு ரிசீவரைக்கூட எடுத்திருக்கவில்லை.

கண்ணில் படும்படி இரண்டு குறிகள் இருந்தன. ஒன்று, ராட்ஜர்ஸுக்கு அப்போது 36 வயது. இன்னொன்று அந்த அணியின் சொந்த வரலாறு. 2005இல் பிரெட் ஃபாவ்ரே குவாட்டர்பேக்காக ஆடிக்கொண்டிருந்தபோதே 24ஆம் தேர்வில் ராட்ஜர்ஸை எடுத்து, மூன்று ஆண்டுகள் ஓரத்தில் உட்கார வைத்த அணி இது. அப்போது பொது மேலாளராக இருந்த டெட் தாம்ப்சனிடம் வேலை கற்றவர்தான் 2020இல் அந்த நாற்காலியில் இருந்த பிரையன் குட்டகன்ஸ்ட். ரிசீவர்களைப் பொறுத்தவரை, 2002இல் ஜாவன் வாக்கரை எடுத்த பிறகு பேக்கர்ஸ் முதல் சுற்றில் ரிசீவரைத் தொட்டதே இல்லை. அந்த இடத்துக்கான ஆட்களை இரண்டாம், மூன்றாம் சுற்றுகளில் தேடுவதுதான் அவர்கள் வழக்கம். 2025இல் மாத்யூ கோல்டனை எடுக்கும்வரை அந்த வழக்கம் மாறவில்லை.

லவ் தேர்வு சரியா தவறா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ராட்ஜர்ஸ் 2020, 2021 இரண்டு சீசன்களிலும் சிறந்த வீரருக்கான எம்.வி.பி. விருது வாங்கினார், ஆனாலும் அணி சூப்பர் பவுல் போகவில்லை. 2023இல் அவர் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். லவ் பொறுப்பேற்ற முதல் சீசனிலேயே பிளேஆஃபில் டாலஸை அதன் சொந்த மைதானத்தில் 48-32 என்று வீழ்த்தினார். கணிப்பவருக்கு இந்த வாதம் தேவையில்லை. அந்த அணி எப்படி யோசிக்கும் என்பதற்கான தடயம் 15 ஆண்டுகளாகப் பொதுவெளியில் கிடந்தது, அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் அவருக்கு முக்கியம்.

சம்பளக் கணக்கைப் பார்க்காமல் எழுதுவது

எந்த இடத்துக்கு முன்னுரிமை என்பதில் பாதி, பணத்தில் இருக்கிறது. 2010இல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபர்ட் ஆறு ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார், அதில் 5 கோடி உறுதிப்பணம். அடுத்த ஆண்டே தொழிலாளர் ஒப்பந்தம் மாறியது. 2011இல் முதலாவதாகப் போன கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 2.2 கோடிதான். அன்றிலிருந்து புதுமுகங்களின் சம்பளத்தைத் தீர்மானிப்பது அவர்கள் எத்தனையாவதாகத் தேர்வாகிறார்கள் என்பது மட்டுமே. ஆடும் இடம் எதுவானாலும் பத்தாவது ஆளுக்குப் பத்தாவது ஆளின் சம்பளம்.

சந்தையிலோ இடத்துக்கு இடம் விலை வேறு. ஆடித் தேர்ந்த நல்ல குவாட்டர்பேக், எட்ஜ் ரஷர் (எதிரணிக் குவாட்டர்பேக்கை ஓரத்திலிருந்து பாய்ந்து மடக்குபவர்), வைட் ரிசீவர், லெஃப்ட் டேக்கிள் (தன் குவாட்டர்பேக்கைக் காப்பவர்), கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்) ஆகியோரை வெளியிலிருந்து வாங்கினால் பெரும் தொகை ஆகும். ரன்னிங் பேக், தற்காப்பு ஆட்டக்காரர்களான சேஃப்டி, நடு லைன்பேக்கர், பிறகு டைட் எண்ட் இவர்கள் அவ்வளவு செலவில்லை. முதல் பத்துக்குள் ஒரு ரன்னிங் பேக்கை எடுத்தால், வெளியிலிருந்து வாங்குவதோடு ஒப்பிட்டு அணிக்கு மிச்சமாவது கொஞ்சம். அதே இடத்தில் எடுத்த எட்ஜ் ரஷர் நன்றாக ஆடிவிட்டால் நான்கு ஆண்டுகளுக்குச் சேலரி கேப்பில் (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய மொத்த வரம்பில்) பெரிய தொகை கையில் நிற்கும். அதனால்தான் அணிகள் திரும்பத் திரும்ப அந்த ஐந்து இடங்களைச் சுற்றியே முதல் சுற்றைச் செலவழிக்கின்றன.

இதிலிருந்து வரும் வேலை எளிது, ஆனால் செய்பவர்கள் குறைவு. இந்த ஆண்டு யார் மோசமாக ஆடினார் என்ற பட்டியலுக்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்திலும் ஆடுபவரின் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் சுற்று வீரர்களின் நான்காண்டு ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டிக்கும் ஐந்தாம் ஆண்டு விருப்ப உரிமையை அணி எடுத்ததா, விட்டதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு ஒரே சமயத்தில் இரண்டு டேக்கிள்களின் ஒப்பந்தமும் முடிகிறது, இருவரும் முப்பதைத் தாண்டியவர்கள் என்றால், இந்த ஆண்டு அவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அங்கே ஒரு தேர்வு விழ வாய்ப்பு அதிகம்.

எதை எடுக்க வேண்டும் என்பதையும் எதை எடுப்பார்கள் என்பதையும் குழப்பிக்கொள்வது

மேலே சொன்ன பணக் கணக்கை அப்படியே எல்லா அணிகளுக்கும் பொருத்தினால் அதுவும் தவறாகும். 2023இல் டெட்ராய்ட் லயன்ஸ் 6ஆம் இடத்திலிருந்து 12க்கு இறங்கி வந்து ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை எடுத்தது. 18ஆம் தேர்வில் ஜாக் கேம்பெல் என்ற லைன்பேக்கர். இரண்டுமே மலிவான இடங்கள். அதுவும் ஒரு மாதம் முன்புதான் டேவிட் மாண்ட்கோமரி என்ற ரன்னிங் பேக்கோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். டி'ஆண்ட்ரே ஸ்விஃப்ட் என்ற இன்னொரு ரன்னிங் பேக்கும் ஏற்கெனவே லயன்ஸில் இருந்தார். டிராஃப்ட் முடிவதற்குள் ஸ்விஃப்டை ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்தத் தேர்வுகளுக்கு அன்று ஊடகங்கள் போட்ட மதிப்பெண்கள் மிக மோசமானவை. அந்த சீசனில் லயன்ஸ் 12 ஆட்டங்கள் வென்று தங்கள் கான்ஃபரன்ஸின் (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றின்) இறுதிப் போட்டிவரை போனது.

கணிப்பவர் இங்கே தன் கொள்கையை ஓரம் வைத்துவிட்டு, பொது மேலாளர் பிராட் ஹோம்ஸும் பயிற்சியாளர் டான் கேம்பெல்லும் எப்படிப்பட்டவர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். தங்களுக்குப் பிடித்த வகை ஆட்டக்காரர் என்றால் இடத்தின் விலையைப் பார்க்காதவர்கள் அவர்கள். ஒரு நிர்வாகத்தின் முதல் இரண்டு மூன்று டிராஃப்ட்களைப் பார்த்தாலே அது ஓரளவு தெரிந்துவிடும். நிர்வாகம் மாறிவிட்டால் அணியின் பழைய பழக்கங்களில் பெரும்பகுதி செல்லாது. அப்போது புதிய பொது மேலாளர் முன்பு வேலை பார்த்த அணியின் தேர்வுகளைத்தான் புரட்ட வேண்டும்.

மார்ச்சில் பணம் கொடுத்தால் அந்த இடம் மூடிவிட்டது என்று எடுத்துக்கொள்வது

டிராஃப்டுக்கு ஒரு மாதம் முன்னால், ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் வேறு அணிகளோடு சேரக்கூடிய ஃப்ரீ ஏஜென்சி தொடங்குகிறது. அதை வாசிக்கத் தெரிந்தால் நல்ல வழிகாட்டி. 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நவம்பரில் அதன் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவின் முழங்கால் போனது, ஆகவே அவரைக் காக்க பெனை சூவல் என்ற டேக்கிளைத்தான் எடுப்பார்கள் என்று பெரும் கூட்டம் நம்பியது. ஆனால் மார்ச்சிலேயே ரைலி ரீஃப் என்ற அனுபவமுள்ள டேக்கிளோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ரிசீவர் ஏ.ஜே. கிரீன் அரிசோனாவுக்குப் போயிருந்தார். கல்லூரியில் பர்ரோவோடு ஆடிய ஜமார் சேஸ் 5ஆம் தேர்வில் கிடைத்தார், எடுத்துவிட்டார்கள். அந்த சீசனில் சேஸ் 1,455 யார்டுகள் சேர்த்தார், அணி சூப்பர் பவுல் வரை போனது. அங்கே பர்ரோ ஏழு முறை வீழ்த்தப்பட்டார் என்பதும் உண்மை, அதனால் அந்த வாதமும் ஓயவில்லை.

2024இல் அட்லாண்டா நேர்மாறு. மார்ச்சில் குவாட்டர்பேக் கர்க் கசின்ஸுக்கு நான்கு ஆண்டுகள், 18 கோடி டாலர், அதில் 10 கோடி உறுதி. குவாட்டர்பேக் பிரச்சினை தீர்ந்தது என்று எல்லோரும் எட்ஜ் ரஷரை எழுதினார்கள். 8ஆம் தேர்வில் மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தார்கள். கசின்ஸ் அகிலீஸ் தசைநார் அறுந்து மீண்டுகொண்டிருந்தவர், 36ஐ நெருங்கியவர். அந்த டிசம்பரிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு பெனிக்ஸை இறக்கினார்கள். 2012இல் சியாட்டலும் மேட் ஃபிளின் என்ற குவாட்டர்பேக்கை வாங்கிய கையோடு, 75ஆம் தேர்வில் ரஸ்ஸல் வில்சன் என்ற இன்னொரு குவாட்டர்பேக்கை எடுத்தது. மார்ச் ஒப்பந்தத்தில் தலைப்புத் தொகையை விட்டுவிடுங்கள். வீரரின் வயதையும், உறுதிப்பணம் எத்தனை ஆண்டுகளுக்குப் பரவியிருக்கிறது என்பதையும் பாருங்கள். குவாட்டர்பேக் இடத்தை மட்டும், முப்பது வயதுக்குள் நிரூபித்த ஒருவர் இல்லாத எந்த அணியிலும் மூடியதாக எண்ணவே கூடாது.

மற்ற அணிகளை மறந்துவிடுவது

2021இல் டாலஸ் கவ்பாய்ஸுக்குத் தேவைப்பட்டது கார்னர்பேக். அது ரகசியமும் இல்லை, கணிப்பும் தவறில்லை. ஆனால் ஜேசி ஹார்னை 8இல் கரோலினாவும், பேட்ரிக் சர்டெய்னை 9இல் டென்வரும் எடுத்துவிட்டன. 10இல் உட்கார்ந்திருந்த டாலஸ், ஃபிலடெல்ஃபியாவோடு இடம் மாற்றி 12க்கு இறங்கி மைக்கா பார்சன்ஸ் என்ற லைன்பேக்கரை எடுத்தது. கார்னர் இருவரில் ஒருவர் மிஞ்சியிருந்தால் பார்சன்ஸ் அங்கே போயிருக்க வாய்ப்பில்லை. அதற்கு முந்தைய ஆண்டும் அப்படித்தான். ரிசீவர் அமாரி கூப்பருக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. சீடீ லாம் என்ற இன்னொரு ரிசீவர் 17வரை மிஞ்சி வந்தார் என்பதற்காகவே எடுத்தார்கள்.

எனவே ஒரே பெயரை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அவர் போய்விட்டால் யார், அவரும் போனால் யார், யாருமே இல்லையென்றால் இறங்கி வருவார்களா என்று மூன்று நான்கு கிளைகள் எழுதுவதுதான் அணிகள் செய்கிற வேலைக்கு அருகில் வரும்.

ஏப்ரல் வதந்திகள்

இந்த மாதத்தில் அணியிலிருந்து கசியும் எதுவும் யாரோ ஒருவருக்கு லாபம் என்பதால்தான் கசிகிறது. 2021இல் சான் ஃபிரான்சிஸ்கோ பெரும் விலை கொடுத்து 3ஆம் இடத்துக்கு ஏறியபின், மாக் ஜோன்ஸ் என்ற குவாட்டர்பேக்கைத்தான் எடுக்கும் என்ற பேச்சு ஒரு மாதம் ஓடியது. எடுத்தது ட்ரே லான்ஸ் என்ற வேறொரு குவாட்டர்பேக்கை. குவாட்டர்பேக்குகள் விஷயத்தில் ஊடகத்தின் மதிப்பும் அணிகளின் மதிப்பும் வெகுதூரம் விலகிப் போவதுண்டு. முதல் சுற்று என்று எழுதப்பட்ட மாலிக் வில்லிஸ் 2022இல் 86ஆவதாகப் போனார், ஷெடூர் சாண்டர்ஸ் 2025இல் 144ஆவதாக. ஒவ்வோர் அணியும் 30 வீரர்களைத் தன் இடத்துக்கு அழைத்துப் பேசலாம். அந்தப் பட்டியலையும் ஆதாரமாக எடுக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனைக்காகவும், கடைசிச் சுற்றுகளுக்கான ஆட்களைப் பார்க்கவும்கூட அந்த அழைப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

பழக்கத்தைச் சட்டமாக்குவது

பேக்கர்ஸ் கதையைப் படித்துவிட்டு இந்தத் தவறில் விழுகிறவர்கள் உண்டு. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் முதல் சுற்றில் நடு லைன்பேக்கரை எடுக்காது என்பது 1979இல் ஜெரி ராபின்சனை எடுத்த பிறகு உறுதியான வாக்காகவே இருந்தது. 2025இல் 32இலிருந்து 31க்கு ஓர் இடம் ஏறி ஜிஹாத் கேம்பெல்லை எடுத்தார்கள். அதற்கும் காரணம் இருந்தது. சற்று முன் சூப்பர் பவுல் வென்ற அணி அது, அவசர ஓட்டைகள் அதிகம் இல்லை. லைன்பேக்கர் நகோபி டீன் காயத்தில் இருந்தார். தோள்பட்டை அறுவைச் சிகிச்சையால் கேம்பெல் எதிர்பார்த்ததைவிடக் கீழே வந்திருந்தார். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் அப்படியே. 2017 முதல் 2023 வரை ஏழு டிராஃப்ட்களில் முதல் சுற்றில் யாரையும் எடுக்காத அணி, 2024இல் 19ஆவது இடத்தை விற்காமல் வைத்திருந்து ஜாரட் வெர்ஸை எடுத்தது. ஒரு பழக்கத்தை உங்கள் கணிப்பில் சேர்க்கும்போது, அது ஏன் உருவானது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதிவையுங்கள். அந்தக் காரணம் இந்த ஆண்டும் இருக்கிறதா என்று டிராஃப்டுக்கு முந்தைய வாரம் ஒருமுறை சரிபார்க்க அது போதும்.