புளீச்சையும் ஆசிட்டையும் ஒரே ஜம்பான்ல (கக்கூஸ்ல) ஊத்தாதீங்க

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் சின்னதா கிளீனிங் காண்டிராக்ட் எடுத்து நடத்துறேன். கல்யாண மண்டபம், டியூஷன் சென்டர், தாமான் வீடுங்க, இப்படி. வேலைக்குப் புதுசா வர்ற பிள்ளைங்க நாங்க அந்தக் காலத்துல பண்ண அதே கூத்தை அச்சு பிசகாம பண்றதைப் பாத்துட்டுதான் எழுதுறேன். குளோவ்ஸ் போடு, பிள்ளைங்க கைக்கு எட்டாம வைன்னு பாட்டில்லயே போட்டிருக்கு, அதைச் சொல்ல வரல.

ரெண்டையும் கலந்தா டபுள் பவராம்

இன்னைக்கும் எனக்கு எரிச்சல் வர்றது இதுதான். யாரு சொல்லிக் குடுக்குறாங்கன்னே தெரியல, வர்றவங்க எல்லாம் இந்த நம்பிக்கையோடதான் வர்றாங்க.

ஒரு மண்டபத்துல புதுப் பொண்ணு ஒன்னு, நல்ல உழைப்பாளி. மஞ்சக் கறை போகலன்னு தாத்தா ரப்பர் பால் உறைய வைக்க வச்சிருந்த ஆசிட்டை மினரல் வாட்டர் பாட்டில்ல ஊத்திக் கொண்டாந்திருக்கு, அதைப் போட்டுத் தேச்சுட்டு வாடை போகலன்னு மேலேயே புளீச்சையும் ஊத்திடுச்சு, கதவையும் சாத்திடுச்சு. நான் போய்ப் பாக்குறப்ப குந்தி உக்காந்து இருமிக்கிட்டே தேய்க்குது, கண்ணு ரெண்டும் கோவைப்பழம். வெளிய வா லான்னா "முடிச்சிட்டு வரேன்க்கா"ங்குது!

புளீச்சோட எந்த ஆசிட் சேந்தாலும் குளோரின் வாயு வரும். பால் உறைய வைக்கிறது ஃபார்மிக் ஆசிட், கடையில விக்கிற ஜம்பான் கழுவுற மருந்து பலதுல இருக்குறது ஹைட்ரோகுளோரிக் ஆசிட், எல்லாம் ஒரே கதைதான். 1915-ல முதல் உலகப் போர்ல பெல்ஜியத்துல ஜெர்மன்காரன் சிப்பாய்ங்க மேல திறந்துவிட்டது இதே வாயுதான். காத்தைவிட ரெண்டரை மடங்கு கனம், அதனால கீழேயே படியும். குந்துற ஜம்பானைக் கழுவுறப்ப நம்ம மூஞ்சி எங்க இருக்கும்? அதே உயரத்துலதான்.

ஒரே வாளியில கலந்தாதான் ஆபத்துன்னு இல்ல. முதல்ல ஒன்னு ஊத்தி, தண்ணி விட்டு நல்லா அலசாம அடுத்ததை ஊத்துனாலும் அதேதான். ரப்பர் பால் கெடாம இருக்கப் போடுற அமோனியாவோட புளீச் சேந்தா குளோரமைன், அதுவும் நுரையீரலைத்தான் பிடிக்கும்.

அப்படி ஆயிட்டா எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க. தண்ணி ஊத்திட்டு வரேன், வாளியை எடுத்துட்டு வரேன்னு திரும்ப உள்ள போகாதீங்க. கண்ணு எரிஞ்சா ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவணும். அப்ப சும்மா இருமல்தான்னு தோணும், சில மணி நேரம் கழிச்சு நெஞ்சு அடைச்சிக்கும், அதனால மூச்சு வாங்குனா ஆஸ்பத்திரிக்குப் போயிடணும், என்னென்ன கலந்ததுன்னு டாக்டர்கிட்ட சொல்லணும். பினாங்கு யூஎஸ்எம் பல்கலைக்கழகத்துல தேசிய விஷத் தகவல் மையம் ஒன்னு இருக்கு, அங்கயும் கேக்கலாம்.

அந்தப் பொண்ணு ரெண்டு வாரம் வேலைக்கு வரல. குழாய் எல்லாம் கறுத்துப் போச்சுன்னு மண்டபக்காரர் என் பில்லுல வேற கழிச்சிக்கிட்டாரு.

மினரல் வாட்டர் பாட்டில்ல ஊத்தி வைக்கிறது

வேணாம். யாராச்சும் குடிச்சிடுவாங்க.

வாடை அடிச்சாதான் சுத்தமாம்

வாடை வாடைதான், சுத்தம் இல்ல. நார்வேயில பெர்கன் பல்கலைக்கழகம் 6,235 பேரை 20 வருஷம் தொடர்ந்து பாத்துச்சு, 2018-ல வெளிய விட்டாங்க: கிளீனிங் வேலை செய்யற பொம்பளைங்களுக்கு நுரையீரல் சக்தி மத்தவங்களைவிட வேகமா குறையுது. ஸ்பிரே பாட்டில்ல அடிக்கிறப்ப பொடித் துளி நேரா மூச்சுக்குள்ள போகும், அதனால துணியில நனைச்சுத் துடைங்க. பூனை வளக்குற வீட்ல பினாயில், டெட்டால் மாதிரி சாமான் வேணாம், பூனை உடம்பால அதை உடைச்சு வெளியேத்த முடியாது, தரையில நடந்துட்டு காலை நக்கும்.

பாச்சை உருண்டை

ஜி6பிடி குறை (ரத்த அணுவைக் காக்குற ஒரு என்சைம் பிறவியிலேயே கம்மியா இருக்குறது) உள்ள குழந்தை இருக்குற வீட்ல ஜம்பான்லயும் போடாதீங்க, துணி அலமாரியிலயும் போடாதீங்க. நாஃப்தலீன் உருண்டையா இருந்தா ரத்த அணுவை உடைச்சிடும். நம்ம நாட்டுல பிள்ளை பொறந்ததுமே இதுக்கு டெஸ்ட் எடுக்குறாங்க, ரிசல்ட்டை ஞாபகம் வச்சுக்குங்க.

அப்ப எதைத்தான் போடுறது?

தினசரி வேலைக்கு சோப்புத் தண்ணியும் தேய்ப்பும் போதும். வீட்ல யாருக்காச்சும் வாந்தி, பேதின்னா மட்டும் புளீச்: முதல்ல சோப்புப் போட்டு அழுக்கை எடுத்துட்டு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணிக்கு 20 மில்லி, ஜன்னலைத் திறந்து வச்சு. அழுக்கு மேலேயே ஊத்துனா அழுக்கே புளீச்சைத் தின்னுடும். கலந்த தண்ணியை மறுநாளைக்கு வைக்காதீங்க, வீரியம் போயிடும். கதவுப் பிடி, போனுக்கு 70 சதவீத ஆல்கஹால்.

குழாய்ல உப்புக் கறைக்கு வினிகர் நல்லா கேக்கும், ஆனா கிருமி கொல்ற மருந்தா அதை நம்பாதீங்க, அதுவும் ஆசிட்தான், புளீச் பக்கத்துல கொண்டுபோகாதீங்க. யூடியூப் பாத்துட்டு சோடா மாவையும் வினிகரையும் ஒன்னா கலக்குறாங்க, புஸ்ஸுன்னு நுரை வரும், பாக்க ஜோரா இருக்கும், நுரை அடங்குனா மிச்சம் கொஞ்சம் உப்புத் தண்ணி. தனித்தனியா போட்டாலாச்சும் ரெண்டுக்கும் குடுத்த காசுக்கு வேலை நடக்கும்.